ஒரு நூல் வெளியே இழுத்துத் திருப்பவும்

ஏப்ரல் 21, திங்கள்

இன்றைக்கு யாரையும் கத்தவில்லை. கத்தாததை எல்லாம் இங்கே எழுதவேண்டும் என்று சாரு உத்தரவு.

பிரஷர் ஏறிப்போச்சு என்றார் டாக்டர். உப்பைக் குறை என்றார், சரி. கோபத்தைக் குறை என்றார். அது என்ன ஊறுகாயா, தட்டில் ஓரமாக ஒதுக்கிவைக்க? என் சம்சாரம் சாருலதா வீட்டுக்கு வந்ததும் ஒரு டைரியைத் தூக்கி மடியில் போட்டாள். "கருணாகரன்னு மேல பேர் எழுதிக்கங்க. திட்டணும்னா இதுல திட்டுங்க. கஸ்டமரையும் வேணாம், என்னையும் வேணாம்." தி.நகர் நகைக்கடையில் போன வருஷம் ஓசியில் கொடுத்தது. தேதி இருக்கிறது, கிழமை பொருந்தவில்லை. அடித்து அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

சரி, இன்றைய திட்டு. மந்தைவெளியில் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். பூட்டுக்குள் சாவி உடைந்து எத்தனையோ பார்த்தாச்சு. வாங்கின அன்றைக்கே உடைந்து பார்த்ததில்லை. ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடை குடோன். கதவில் பொருத்துகிற புது சிலிண்டர் பூட்டு. முதலாளி ஒரு கையில் பில், ஒரு கையில் பாதி சாவியோடு நிற்கிறார். மீதிப் பாதியைக் குறடு வைத்து எடுத்துப் பார்த்தால் பித்தளையே இல்லை. மேலே மஞ்சள் பூச்சு, உள்ளே சாம்பல் நிறத்தில் என்னவோ. பல்லி வால்கூட இதைவிட உறுதி.

இதைச் செய்தவன் நன்றாக இருக்கட்டும். (சாரு படித்தால் படிக்கட்டும் என்று இப்படி எழுதியிருக்கிறேன்.)

ஏப்ரல் 23, புதன்

அடையாறிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். கழுத்தில் ஆபீஸ் அட்டை, கையில் ஆன்லைனில் வாங்கிய சிலிண்டர். அதில் பேர் இல்லை, ஊர் இல்லை. சாவியில் பல்லே இல்லை. பக்கவாட்டில் குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி.

"ஹை செக்யூரிட்டி, அங்கிள். இதுக்கு டூப்ளிகேட் யாராலயும் போட முடியாது."

"அப்ப எங்கிட்ட எதுக்குப்பா வந்தே?"

"டூப்ளிகேட் போடத்தான்."

கத்தவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த மாதிரி சாவிக்கு வெட்டாத பிளாங்க் என்னிடம் இல்லை, மயிலாப்பூரிலேயே யாரிடமும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். சிலிண்டர் கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார். சாவி போடாமலே திறந்திருந்தது.

"இது ஒரு ஃபீச்சரா, அங்கிள்?" என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார், பாவம்.

ஏப்ரல் 24, வியாழன்

கத்திவிட்டேன். சாருவை இல்லை, ஆட்டோக்காரரை. கணக்கில் சேருமா?

ஏப்ரல் 28, திங்கள்

அடுத்தவன் வாங்கிய பூட்டைத் திட்டினது போதும், இனி நான் வாங்கிய பூட்டு.

ராஜா அண்ணாமலைபுரத்தில் கிருபா அபார்ட்மெண்ட்ஸ். பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் அடித்து, கதவெல்லாம் மாற்றி, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பூட்டு போடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். செகரட்டரி சண்முகசுந்தரம் சார் என் தோளில் கைபோட்டு, "கருணாகரன், உங்க பேரை நம்பி விடறோம்" என்றார். நானும் கிளி மார்க்கை நம்பி வாங்கிப் போட்டேன். கிளி மார்க் சிலிண்டர் என்றால் கையில் எடுத்தாலே கனம் தெரியும். இந்த முறை பெட்டி அதே பெட்டி, மேலே அதே கிளி. கனம்தான் கொஞ்சம் குறைச்சலாகத் தோன்றியது. வெயில் காலம் வரப்போகிறது, நமக்குத்தான் கை வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்ன லாஜிக் இது? இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

மாசி மாதமே தகராறு ஆரம்பித்துவிட்டது. சாவி மாட்டுகிறது, திரும்பவில்லை, திரும்பினால் வெளியே வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய் எண்ணெய் விட்டு, எல்லோருக்கும் ஒரே மந்திரம் சொல்லிக்கொடுத்தேன்: "முழுசா உள்ள விடுங்க. ஒரு நூல் வெளிய இழுங்க. இப்பத் திருப்புங்க." ஒரு நூல் என்றால் அரிசி அகலம். கைவாகு வந்துவிட்டால் வெண்ணெய்தான்.

இரண்டாவது மாடி ஸ்ரீனிவாசராகவன் மாமா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மாமி தவறிப்போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். சமையல், துணி, காய்கறி எல்லாம் அவரே. "சாவிக்கும் ஸ்ருதி சேர்த்துக்கணும்கறே" என்று சொல்லி, எனக்குக் காபியும் போட்டுக் கொடுத்தார். நல்ல டிகாக்‌ஷன்.

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது. கூடவே வேறொன்றும்.

சாயங்காலம் செகரட்டரி போன். "கருணாகரன், ஒரு சீரியஸ் மேட்டர்." அவருக்குத் தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டாலும் சீரியஸ் மேட்டர்தான். ஆனால் இது நிஜமாகவே சீரியஸ்.

மூன்றாவது மாடியில் பூஜா என்று ஒரு பெண். புருஷனுக்கு வெளிநாட்டில் வேலை. அவள் ஆபீஸ் போய்விட்டு மகன் அஸ்வத்தையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம்தான் வருவாள். நேற்று வந்து கதவைத் திறந்தால், ஹாலில் சோபாவில் ஸ்ரீனிவாசராகவன் மாமா. சட்டையைக் கழற்றி நாற்காலியில் மடித்துப் போட்டுவிட்டு, பனியனோடு குறட்டை.

பூஜா போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாய் குரைத்திருக்கிறது. மாமா எழுந்து, "மன்னிச்சுக்கோம்மா, மாடி மாறி வந்துட்டேன்" என்று சட்டையைத் தேடியிருக்கிறார். எப்படி உள்ளே வந்தீங்க என்றால், "என் சாவி போட்டேன், திறந்துடுத்து" என்கிறாராம்.

நீ பூட்டாமல் போயிருப்பாய் என்று பூஜாவிடம் செகரட்டரி சொல்ல, நான் ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனேன் என்று அவள் சொல்ல, யாரோ மாமாவின் பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டார்கள். நிரஞ்சன் பெங்களூரிலிருந்து இன்று காலையே வந்து இறங்கிவிட்டான். நாளைக்கு நான் போய் எல்லோர் முன்னாலும் சாவியைப் போட்டுக் காட்டவேண்டுமாம்.

ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டைத் திறக்குமா? நான் போட்ட பூட்டு. விளையாட்டா?

மே 7, புதன்

போட்டுக் காட்டினேன். மூன்றாவது மாடி வராந்தா முழுக்கக் கூட்டம். மாமாவின் சாவியை வாங்கி, பூஜா வீட்டுப் பூட்டில் விட்டு, திருப்பினேன். அசையவில்லை. இன்னொரு முறை. ம்ஹும்.

"பாத்துக்கங்க சார். நான் போட்ட பூட்டு மாறாது" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். செகரட்டரி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார், ஏதோ அவரே பூட்டைச் செய்த மாதிரி.

மாமா கையை நீட்டினார். "இங்க குடு, நான் திறக்கறேன்."

"அப்பா, சும்மா இருங்கோ. போறும்" என்று சொல்லி நிரஞ்சன் சாவியை என் கையிலிருந்து வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அவன் கெட்டவன் இல்லை. முகம் வெளுத்திருந்தது. வேற யார் வீட்டுக்கோ போய்ப் படுத்திருக்கார், நாளைக்கு ரோட்டைத் தாண்டி எங்காவது போனால் என்று செகரட்டரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். முடிவும் எடுத்தாச்சு. மாமா பெங்களூர் போகிறார், வீட்டை வாடகைக்கு விடுவது. மாமா பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

நான் இறங்கி வந்துவிட்டேன். பூட்டு ஜெயித்துவிட்டது. எனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மே 8, வியாழன்

திட்ட ஆளில்லை. பிரஷர் மட்டும் ஏறியிருக்கிறது.

மே 9, வெள்ளி

நிரஞ்சன் கடைக்கு வந்தான். புரோக்கர் வந்து வீட்டைக் காட்டுவதற்கு ஒரு டூப்ளிகேட் வேண்டுமாம். சாவியைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டான். மாமாவின் சாவி. வளையத்தில் ஒரு குட்டி வெள்ளிப் பிள்ளையார்.

அப்போது ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டிலும் கிளி மார்க். சாவி திரும்பவில்லை என்றார். நானும் மெஷினைத் துடைத்துக்கொண்டே, "முழுசா உள்ள விடுங்கம்மா, ஒரு நூல் வெளிய இழுத்து…" என்று சொன்னவன் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன்.

"இழுத்து?" என்று கேட்டார் அந்த அம்மா.

இழுத்து! ஐயோ, இழுத்து! நான் புதன்கிழமை இழுக்கவில்லை. பெரிய மேஸ்திரி மாதிரி சாவியை நேராக விட்டு நேராகத் திருப்பினேன். அந்த மந்திரம் எல்லாம் கஸ்டமருக்கு, எனக்கு எதற்கு? ஆனால் மாமா இழுத்துத்தானே திறப்பார்? நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

கடையில் மீதி இருந்த ஒரு கிளியைப் பிரித்தேன். உள்ளே ஐந்து குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு பின்னும் ஸ்பிரிங்கும் இருக்கவேண்டும். சரியான சாவி வந்தால்தான் எல்லாப் பின்னும் சரியான உயரத்துக்கு எழும்பி வழிவிடும். அதுதான் பூட்டு, வேறொன்றும் இல்லை. இதில் மூன்று குழியில்தான் பின் இருந்தது. மீதி இரண்டும் காலி! வெறும் ஓட்டை! இருக்கிற மூன்றும் லொடலொடவென்று ஆடுகிறது. ஒரு நூல் இழுத்தால் அடுத்த வீட்டுச் சாவிக்கும் வழிவிட்டுவிடும் போல.

பேமானிங்க. ஓட்டையை வித்துக்கினு கீறானுங்க. பொட்டி மேல கிளி வேற, சிரிச்சுக்கினு! நானும் அதை வாங்கியாந்து ஒரு பில்டிங் பூரா மாட்டி, "மாறாது"ன்னு மார் தட்டிக்கினு நின்னேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னாத்துக்கு வாயைத் தொறந்தேன் அன்னிக்கி?

சாரு வந்து பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். எழுத்தே கத்துகிறதாம்.

மே 10, சனி

காலையில் கடை திறக்கவில்லை. நேராகக் கிருபா. மூன்றாவது மாடி. பூஜாவிடம், "உள்ள போய் பூட்டிக்கம்மா. நான் சொல்றவரைக்கும் திறக்காத" என்றேன்.

மாமாவின் சாவி. முழுசாக உள்ளே. ஒரு நூல் வெளியே. திருப்பினேன்.

வெண்ணெய் மாதிரி திறந்தது.

பூஜா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நானும் அப்படித்தான் நின்றேன். இருவரும் எதிர்வீட்டுக்குப் போனோம். மணி அடித்து, விஷயத்தைச் சொல்லி, உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லி, சாவியைப் போட்டேன். திறந்தது. நான்காவது மாடி, ஒன்று திறந்தது, ஒன்று திறக்கவில்லை. திறக்காத வீட்டுக்காரருக்கு ஏனோ கொஞ்சம் வருத்தம்; இன்னொரு தடவை பாருங்களேன் என்றார்.

முதல் மாடிக்கு வருவதற்குள் பின்னால் ஊர்வலமே சேர்ந்துவிட்டது. செகரட்டரி வீட்டில் மணி அடித்தோம். சத்தம் இல்லை. ஆள் இல்லைபோல, வந்ததும் பார்க்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்திலிருந்து யாரோ, "சும்மா போட்டுப் பாருங்க" என்றார்கள். போட்டேன். திறந்துகொண்டது.

சண்முகசுந்தரம் சார் ஹால் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றிப் பேப்பர். தலை முழுக்கக் கருப்புச் சாயம், மீசையிலும். மணி அடித்தால் அந்தக் கோலத்தில் எப்படி வருவார்?

"இது… எப்படி…" என்றார்.

"சீரியஸ் மேட்டர் சார்" என்றேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிட்டோம்.

மாமாவைப் பார்க்காமல் வந்தேன். நிரஞ்சன் அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறானாம். நாளைக்கு மீட்டிங் போட்டுவிட்டார்கள்.

இரவு சாப்பிடும்போது சாருவிடம் எல்லாம் சொன்னேன். மாமாவுக்கு ஒன்றும் இல்லை, பூட்டுதான் கோளாறு, நிரூபித்தாச்சு, இனி அவர் எங்கேயும் போகவேண்டாம் என்று. சாரு ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "கதவு திறந்துச்சு, சரிங்க. உள்ள போனப்புறம் இது நம்ம சோபா இல்லைன்னு தெரியாதா ஒரு மனுஷனுக்கு?"

அதானே?

ரசம் சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

மீட்டிங்குக்கு முன்னாலேயே போய்விட்டேன். மாமா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நிரஞ்சன் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். டேப் கிழிக்கிற சத்தம் படி வரைக்கும் கேட்டது.

மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு உங்கள் கையில் சாவியைக் கொடுத்திருக்கவேண்டும் மாமா, தப்பு என்னுது என்றேன். "போறது போ" என்றார். அப்புறம் சாரு கேட்டதைக் கேட்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டேன்.

மாமா உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"லிஃப்ட்ல யாரோ மூணை அமுக்கியிருந்தா. நான் பாக்காம இறங்கிட்டேன், அது வாஸ்தவம். ஆனா கதவைத் திறந்து ரெண்டடி வெச்ச உடனே தெரிஞ்சுடுத்துடா. ஜில்லுனு இருந்தது. நம்மாத்துல ஏது ஜில்லு? அந்தப் பொண்ணு ஏசியை அணைக்காம போயிருக்கா."

"அப்புறம்?"

"முந்தின ராத்திரி பூரா தூக்கம் இல்லை. அனல். அஞ்சு நிமிஷம் உக்காந்துண்டு போயிடலாம்னு நெனச்சேன். சோபா வேற மெத்துனு இருந்தது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"என்னன்னு சொல்றது? அடுத்தவா ஆத்துல புகுந்து ஏசிக் காத்து வாங்கிண்டேன்னா? பேங்க்ல லாக்கர் ரூம் சாவி வெச்சுண்டிருந்தவன்டா நான். மறந்துபோய் வந்துட்டேன்னா பெங்களூர். தெரிஞ்சேதான் படுத்தேன்னா மானம் போச்சு. ரெண்டுல எதைடா சொல்லச் சொல்றே?"

கண் கலங்கியிருந்தது அவருக்கு. இந்த மனுஷன் ஒரு வாரமாக இதை உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு, பிள்ளை டாக்டரிடம் கூட்டிப்போனபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

"மானம் போனா ரெண்டு மாசத்துல திரும்பி வந்துடும் மாமா," என்றேன். "வீடு வாடகைக்குப் போனா வராது."

மீட்டிங். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. செகரட்டரி தலை ஜொலிக்கிறது. முதல் அரைமணி நேரம் எனக்குத்தான் அர்ச்சனை. உங்களை நம்பித்தானே விட்டோம், யார் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாமா, தூக்கமே வரவில்லை. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். நியாயம்தானே? எல்லாவற்றையும் கழற்றி என் பொறுப்பில் மாற்றித் தருகிறேன் என்றேன். அதோடு, மாமா சொன்னது உண்மை, அவர் சாவிதான் திறந்தது, நான் சொன்னதுதான் பொய் என்று எழுந்து நின்று சொன்னேன்.

நிரஞ்சன் கேட்டான், சாரு கேட்ட அதையே. "கதவு திறந்தது, ஒத்துக்கறேன். உள்ள போய் ஏன் படுத்தார்? தன் வீடு எதுன்னு தெரியலையே அவருக்கு?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தெரிஞ்சுதுடா. தெரிஞ்சுதான் படுத்தேன். ஏசி ஓடிண்டிருந்தது."

எல்லோர் தலையும் பூஜா பக்கம் திரும்பியது. பிறகு பூஜா ஆரம்பித்தாள், சிரிப்பை அடக்க முடியாமல். "அதான் பாத்தேன்! காலைல நான் பதினெட்டுல வெச்சுட்டு மறந்துட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா இருபத்தாறுல இருக்கு. கிச்சன்ல எரிஞ்சுட்டிருந்த லைட்டும் ஆஃப். நானே மாத்தி வெச்சுட்டேனோன்னு நெனச்சேன்."

"கரண்ட் எவ்வளவு வீணாறது?" என்றார் மாமா, ரொம்ப சீரியஸாக.

"இவ்வளவு கணக்குப் பாக்கறவருக்கு மறதியாம்" என்று பூஜா நிரஞ்சனிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செகரட்டரிகூட.

நிரஞ்சன் சிரிக்கவில்லை. "ஏசி வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா வாங்கித் தர மாட்டேனா?"

"வாங்கித் தருவே. அடுத்த நாளே, பெங்களூர்ல ஏசியே வேண்டாம்ப்பா, வந்துடுங்கோம்பே."

"சொல்லத்தான் சொல்லுவேன்!" என்று கத்தினான். "நீங்க ராத்திரி போன் எடுக்கலேன்னா நான் என்ன பாடு படறேன் தெரியுமா? உள்ள விழுந்து கெடந்தா யார் வந்து திறப்பா?"

மாமா மறுபடியும் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். மீட்டிங் கலைந்தது. நிரஞ்சன் மேலே போய் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. ஜூன் வரை பார்க்கலாம் என்றானாம். சாவியை மட்டும் என்னிடமிருந்து வாங்கி அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தான்.

மே 13, செவ்வாய்

பாரீஸ் கார்னர். குலாம் முகம்மது பாய் கடை. சிலிண்டர் மொத்தமாக வாங்குவது அவரிடம்தான். கத்துவதற்கென்றே போனேன். பஸ்ஸில் வசனம்கூடத் தயார் செய்துவைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அவரே கல்லாவில் நாலு கிளியைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வா நைனா. நீயும் அழத்தான் வந்தியா? கம்பெனியை எவனோ வாங்கிக்கினான். பொட்டிய மட்டும் வெச்சிக்கினு உள்ள கீறதையெல்லாம் உருவிட்டான். கிளி பறந்து போச்சு, கூண்டுதான் கீது."

அப்புறம் யாரைத் திட்டுவது? இருவரும் டீ குடித்தோம். வேறு கம்பெனி சிலிண்டர் எடுத்தேன். ஆனால் ஒவ்வொன்றையும் அங்கேயே பிரித்து, ஐந்து குழியிலும் பின் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். "செவுளைத் தூக்கிப் பாத்து மீன் வாங்கறவன் மாதிரி வாங்கறியே" என்றார் பாய். பார்க்காமல் வாங்கினதற்குத்தான் இந்தப் பாடு.

மே 19, திங்கள்

எல்லாம் மாற்றியாச்சு. கடைசியாகச் செகரட்டரி வீடு. "இனிமே உங்களைக் கூப்பிடறதா இல்லை, கருணாகரன்" என்று கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பின்பக்கக் கதவுத் தாழ்ப்பாளும் லூசாக இருக்கிறது, பார்த்துவிடுங்கள் என்றார்.

மே 20, செவ்வாய்

நிரஞ்சன் பெங்களூர் போய்விட்டான். வீட்டில் ஏசி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் கேட்டில் புரோக்கர் மாட்டிய "வாடகைக்கு" போர்டு அப்படியே தொங்குகிறது. கழற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. மாமா தினமும் அதைக் கடந்துதான் காய்கறி வாங்கப் போகிறார். எனக்கே அதைப் பார்த்தால் கழற்றி எறியத் தோன்றுகிறது, அவருக்கு எப்படி இருக்கும்?

மே 29, வியாழன்

கத்திரி முடிந்தது. டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, என்ன மாத்திரை எடுக்கறீங்க என்றார். டைரி என்றேன். முறைத்தார்.

ஜூன் 9, திங்கள்

மாமா கடைக்கு வந்தார். நடந்தே வந்திருக்கிறார், குடை பிடித்துக்கொண்டு. சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதுக்கு இன்னொண்ணு போடு."

மறுபடியும் புரோக்கரா? "நிரஞ்சன் சாருக்கா மாமா?"

"அவனுக்கு எதுக்குடா? பெங்களூர்லேர்ந்து அவன் ஓடி வர்றதுக்குள்ள நான் ஆறிப்போயிடுவேன். மேலாத்துப் பூஜாவுக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "கார்த்தால வாசல்ல கெடக்கற பேப்பரை ஏழு மணிக்குள்ள நான் எடுக்கலேன்னா, திறந்து பாத்துடுன்னு சொல்லியிருக்கேன். சரின்னா. நேத்து நிரஞ்சன்கிட்டயும் சொன்னேன். பூஜா நம்பரைக் கேட்டு வாங்கிண்டான். அப்புறம், போர்டைக் கழட்டச் சொல்லிடறேன்ப்பான்னான்."

நான் திரும்பி மெஷினைப் பார்த்துக்கொண்டேன். கண்ணில் பித்தளைத் தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன், மெஷின் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

நல்ல பித்தளை பிளாங்க்காகப் பார்த்து எடுத்தேன். வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, துடைத்துக் கொடுத்தேன். மாமா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது வேற யார் ஆத்தையும் திறக்காதே?"

"திறக்காது மாமா."

"போன தடவையும் மார் தட்டிண்டு அப்படித்தான் சொன்னே."

கடையைச் சாத்திவிட்டு அவர்கூடவே போனேன். கிருபாவில் ஒவ்வொரு மாடியாக ஏறி, மணி அடித்து, சொல்லிவிட்டு, புதுச் சாவியைப் போட்டோம். நேராக ஒரு தடவை, ஒரு நூல் வெளியே இழுத்து ஒரு தடவை. செகரட்டரி வீட்டில் மணி அடித்துவிட்டு நன்றாகக் காத்திருந்தோம். எங்கேயும் அசையவில்லை. மாமா வீட்டில் போட்டேன். ஒரே திருப்பு, திறந்தது.

பிறகு மூன்றாவது மாடி. பூஜா கதவைத் திறந்தாள். மாமா சாவியை அவள் கையில் வைத்தார். அவள் அதை வாங்கி, தன் வீட்டுச் சாவி மாட்டுகிற ஆணியிலேயே மாட்டினாள்.

"உள்ள வாங்க மாமா. ஏசி ஓடிட்டிருக்கு. அஸ்வத் கேரம் போர்டை எடுத்து வெச்சுட்டு உங்களுக்குத்தான் உக்காந்திருக்கான்."

"எங்காத்துலயும் இப்போ ஏசி இருக்கும்மா" என்றார் மாமா.

"ஒருத்தருக்காக எதுக்கு அதைப் போடறீங்க?"

மாமா செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சாட்சிடா கருணா. அவா கூப்பிட்டுத்தான் நான் உள்ள போறேன்."

சரி மாமா என்றேன். கதவு சாத்திக்கொண்டது. நான் படியிறங்கிக் கடைக்கு வந்தேன்.